தோலுக்குப் பைத்தியம் பிடிப்பதில்லை

ஒரு மனிதனுக்குக் கையும் முதுகும் சிவந்து, தடித்து, அரிக்கின்றன. அவன் டாக்டரிடம் போகிறான். டாக்டர் கேட்கிறார்: "என்ன சாப்பிட்டீர்கள்? புதிய சோப்பு ஏதாவது போட்டீர்களா? மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? சட்டையைக் கழற்றுங்கள், பார்க்கலாம்."

இன்னொரு மனிதனுக்கும் அதே கை, அதே முதுகு, அதே அரிப்பு. அவனும் அதே டாக்டரிடந்தான் போகிறான். ஆனால், அவனிடம் மனநோய் வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்று இருக்கிறது. நாலைந்து வருஷங்களாகச் சாப்பிட்டு வந்த மருந்தை இப்போதுதான் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறான். சீட்டைப் படித்ததுமே டாக்டரின் கேள்விகள் மாறிவிடுகின்றன. "ராத்திரி தூக்கம் வருகிறதா? மனசிலே ஏதாவது கவலை உண்டா? கூட யார் வந்திருக்கிறார்கள்?"

சட்டை கழற்றப்படுவதில்லை.

ஏன் கழற்றப்படுவதில்லை என்பதுதான் என் கேள்வி.

நான் டாக்டர் அல்ல. கல்லூரிப் பெஞ்சியில் இரண்டு வருஷங்களுக்கு மேல் உட்கார்ந்தவனும் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால், கதை எழுதுகிறவனுக்கு ஒரு தொழில் பழக்கம் உண்டு. யார் பேசும்போது மற்றவர்கள் காது கொடுக்கிறார்கள், யார் பேசும்போது ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள் என்பதை அவன் கவனித்துக்கொண்டே இருப்பான். இந்த நாட்டில் ஒருமுறை மனத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவன் பேசும்போது எல்லோரும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்க்கிறார்கள். அவன் பல் வலிக்கிறது என்றாலும் சரி, வயிறு வலிக்கிறது என்றாலும் சரி, "அவனுக்கு அந்த மாதிரி ஒரு இது உண்டு" என்று ஒரு கையசைப்பு. அந்தக் கையசைப்போடு விசாரணை முடிந்தது, தீர்ப்பும் ஆயிற்று.

என் வாசகி ஒருவர் எனக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். தெற்கே ஒரு சிற்றூரில் பள்ளிக்கூட ஆசிரியை. தாயார் இறந்த பிறகு வந்த மனச்சோர்வுக்கு நாலு வருஷம் மருந்து சாப்பிட்டார். மிர்டாஸபின் என்று அதற்குப் பெயர். ராத்திரிக்கு 15 மில்லிகிராம். உடம்பு தேறிவிட்டது, மனம் தேறிவிட்டது, மருந்தை நிறுத்தலாம் என்று வைத்தியரே சொன்னார். மூன்று வாரம் பாதி மாத்திரை, அப்புறம் நிறுத்தம். நிறுத்திய நாலாம் நாள் ராத்திரி இடுப்பில் ஆரம்பித்தது அரிப்பு. பிறகு தொடை, முதுகு. ரூபாய் நாணயம் அளவுக்குத் தடிப்புகள். நடுநிசியில் வரும், விடிவதற்குள் அடங்கிவிடும்.

நம்மவர்கள் இதற்குக் 'காணாக்கடி' என்று பெயர் வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்திருக்கிறது என்று அர்த்தம். கடித்தது தெரியாவிட்டாலும் கடிபட்டதை ஒப்புக்கொண்ட பெயர் அது. படிக்காத கிழவி வைத்த அந்தப் பெயரில் இருக்கிற மரியாதைகூட இந்த ஆசிரியைக்குக் கிடைக்கவில்லை. காலை பத்து மணிக்கு அவர் டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது உடம்பில் நகக்கீறல்களைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. "நீயே சொறிந்துகொண்டிருக்கிறாயே, அம்மா!" என்றார் ஒருவர். ராத்திரி தடிப்பு இருக்கும்போது கைபேசியில் எடுத்துவைத்த படங்களை நீட்டினார். "போட்டோ எல்லாம் வேண்டாம், மனசை வேறே எதிலாவது செலுத்து" என்றார் இன்னொருவர். மனநோய் வைத்தியரோ, "தோல் என் இலாகா இல்லை" என்றார். வீட்டில் மாமியார் சொன்னது வேறு: "நாலு வருஷமாத் தின்ன விஷம் வெளியே வருது. வரட்டும்." வேப்பிலை அரைத்துப் பூசியாயிற்று. எரிச்சல்தான் கூடிற்று.

கடிதத்தின் கடைசி வரியில் அவர் எழுதியிருந்தார், தடிப்பைவிடத் தம்மை அதிகமாக வாட்டியது ஒரு பயம் என்று. எல்லோரும் சொல்கிறபடி இது நிஜமாகவே தம் மனத்தின் வேலையாக இருந்துவிட்டால், அப்புறம் தம் கண்ணையே தாம் எப்படி நம்புவது என்ற பயம்.

இதைவிடக் கொடுமையாக ஒரு மனுஷியை நோகடிக்க முடியுமா? மனச்சோர்விலிருந்து அரும்பாடுபட்டு எழுந்து வந்த ஒருத்தியை, "உன் கண் காண்பது பொய்" என்று சொல்லி மறுபடியும் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அதற்கு வைத்தியம் என்று பெயர்!

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் பகுதியில் ஒரு பெண் டாக்டர் அந்தப் படங்களைப் பார்த்தார். கடைசி மாத்திரை எந்தத் தேதி, முதல் தடிப்பு எந்தத் தேதி என்று கேட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். மனநோய் வைத்தியரோடு தொலைபேசியில் பேசினார். பாதி மாத்திரை மறுபடியும் ஆரம்பமாயிற்று. ஒரு வாரத்தில் அரிப்பு அடங்கியது. அதன் பிறகு மாதக்கணக்கில், துளித் துளியாகக் குறைத்து வருகிறார்கள்.

ஒரே ஒரு பெண்ணின் கதையை வைத்துக்கொண்டு சாஸ்திரம் கட்டிவிட முடியாதுதான். அதனால்தான் என் தெருவில் நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், தூக்கத்துக்கும் பதற்றத்துக்குமாகப் பல வருஷம் சாப்பிட்ட மாத்திரையைக் குறைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அரிப்பு வந்தது. இது மாத்திரையை விடுவதால் வருகிற அவஸ்தைதான் என்று அவரும் நம்பினார். அவரைப் போலவே மாத்திரையை விட்ட அவருடைய நண்பரும் சத்தியம் செய்தார். கடைசியில் ஒரு டாக்டர் விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்தார். சொறி சிரங்கு! சாதாரணமாக வீட்டுக்கு வீடு வருகிற சிரங்குப் பூச்சி. வீட்டிலிருந்த அத்தனை பேருக்கும் மருந்து பூசினார்கள். துணிமணிகளை வெந்நீரில் போட்டார்கள். தீர்ந்தது.

முதல் கதையில் அந்தப் பெண்ணை யாரும் நம்பவில்லை. இரண்டாவது கதையில் எல்லோரும் நம்பினார்கள். இரண்டு இடத்திலும் நோயாளியைக் காப்பாற்றியது ஒரே காரியந்தான்: ஒருவர் குனிந்து தோலைப் பார்த்தார். நான் டாக்டர்களிடம் கேட்பது நம்பிக்கையை அல்ல, பார்வையை. நம்புவதும் நம்பாததும் பிற்பாடு, முதலில் பாருங்கள்.

*

"மூளைக்குச் சாப்பிடுகிற மருந்துக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. படித்தவர்களே கேட்கிறார்கள். சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதல்ல, பிறவியிலேயே ஏற்பட்டது.

மனநோய் வைத்தியத்தின் போக்கையே மாற்றிய குளோர்ப்ரோமஸின் 1952-இல் பாரிஸ் நகரில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அது எந்த வம்சத்தில் பிறந்தது? ஒவ்வாமையையும் அரிப்பையும் அடக்குகிற மருந்துகளைத் தேடிக்கொண்டிருந்த ரசாயனக்காரர்களின் வம்சத்தில். ஹிஸ்டமின் என்று நம் உடம்பில் ஒரு பொருள் இருக்கிறது. தோலில் அது வெளிப்பட்டால் தடிப்பு, சிவப்பு, அரிப்பு. அதை அடக்கக் கிளம்பிய மருந்துக் குடும்பத்திலிருந்துதான் மனத்தை அடக்குகிற மருந்துகள் பல வந்தன. 1957-இல் மனச்சோர்வுக்கு மருந்தென்று ஸ்விட்ஸர்லாந்தின் ரோலண்ட் குன் அறிவித்த இமிப்ரமினும் அந்தக் குடும்பத்துக்கு உறவுதான்.

இன்றைக்கும் அந்த உறவு விட்டுப் போகவில்லை. டாக்ஸெபின் என்பது மனச்சோர்வுக்கு மாத்திரை. அதையே களிம்பாக்கிக் கரப்பான் அரிப்புக்கும் பூசுகிறார்கள். மேலே சொன்ன ஆசிரியை சாப்பிட்ட மிர்டாஸபின் ஹிஸ்டமினை வெகு பலமாக அடக்குவது. அது தூக்கம் தருவதற்கே அதுதான் முக்கிய காரணம். கல்லீரல் கோளாறினால் வருகிற பொல்லாத அரிப்புக்கு, மனச்சோர்வு மருந்தாகிய செர்ட்ராலினைக் கொடுப்பதுண்டு. அரிப்பை அடக்குவதற்கு இந்த மருந்துகளை எழுதிக் கொடுக்கிறபோது மட்டும் மூளைக்கும் தோலுக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதே மருந்தை விடுகிறபோது அரிக்கிறது என்று ஒருத்தி சொன்னால் சம்பந்தம் அறுந்து போய்விடுகிறதா? இது எந்த ஊர் நியாயம்?

இதற்கு நேரான சாட்சி ஒன்று அண்மையில் கிடைத்திருக்கிறது. செட்டிரிஸின் மாத்திரையைத் தெரியாத வீடு தமிழ்நாட்டில் கிடையாது. தும்மல் வந்தாலும் அது, தடிப்பு வந்தாலும் அது. பதற்றத்துக்குக் கொடுக்கிற ஹைட்ராக்ஸிஸின் என்ற மருந்து உடம்புக்குள் போய் எதுவாக மாறுகிறதோ அதுதான் செட்டிரிஸின். இந்தச் செட்டிரிஸினைப் பல மாதங்கள், பல வருஷங்கள் தினம் சாப்பிட்டு நிறுத்தியவர்களுக்குச் சில நாட்களில் தாங்க முடியாத அரிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் எச்சரிக்கை விடுத்தது. அரிதுதான், ஆனால் உண்டு. அந்த மாத்திரையைச் சாப்பிடத் தொடங்குமுன் அரிப்பே இல்லாதவர்களுக்கும் உண்டு. மறுபடியும் மாத்திரையைப் போட்டால் பெரும்பாலோருக்கு அடங்குகிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சிலர் மீண்டிருக்கிறார்கள்.

இந்த எச்சரிக்கை வருவதற்கு எத்தனை காலம் பிடித்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்த மருந்து கடைகளில் விற்கத் தொடங்கிப் பல பத்து வருஷங்கள் ஆகின்றன. "நிறுத்தினால் அரிக்கிறது" என்று சொன்னவர்களுக்கு, "பழைய அலர்ஜி திரும்பி வருகிறது" என்ற பதில் ரொம்ப சுலபமாகக் கிடைத்திருக்கும். அவர்கள் மனநோயாளிகள் அல்ல, தும்மல்காரர்கள். தும்மல்காரன் பேச்சே அம்பலம் ஏற இத்தனை காலம் என்றால், தலைமேல் 'மனநோய்' என்ற சீட்டு ஒட்டப்பட்டவனின் பேச்சு எந்த ஜன்மத்தில் அம்பலம் ஏறும்?

*

ஒரு கட்சியைச் சொன்னேன். அது, "எல்லாம் உன் மனசு" கட்சி. எதிர்க் கட்சியையும் சும்மா விடுவதற்கில்லை.

அது "விஷம் வெளியேறுகிறது" கட்சி. இதில் மாமியார்கள் மட்டுமல்ல, ஆங்கிலம் பேசுகிற கனவான்களும் இருக்கிறார்கள். இயற்கை வைத்தியம் என்ற பெயரில் பணம் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களுடைய வாதம் வெகு அழகானது. மருந்து விஷம், விஷம் தோல் வழியாக வெளியே வருகிறது, ஆகையால் தடிப்பு நல்ல சகுனம், ஆகையால் மிச்சம் மருந்தையும் இன்றைக்கே குப்பையில் போடு!

தோல் என்பது மாவு சலிக்கிற சல்லடை அல்ல. நாம் விழுங்குகிற மாத்திரையை உடைத்துக் கழிப்பது பெரும்பாலும் கல்லீரலும் சிறுநீரகமும். மிர்டாஸபின் போன்ற மருந்து நிறுத்திய ஒரு வாரம், பத்து நாளில் உடம்பை விட்டு அநேகமாகப் போய்விடுகிறது. போன பிறகும் அரிக்கிறதென்றால், அரிப்புக்குக் காரணம் மருந்து வெளியேறுவது அல்ல, மருந்து இல்லாமற் போனது. பல வருஷமாக ஒரு கை அழுத்திப் பிடித்திருந்த வில்லைத் திடீரென்று விட்டால் அது துள்ளத்தான் செய்யும். துள்ளுவதைக் கண்டு, "பார்த்தாயா, உள்ளேயிருந்த பேய் ஓடுகிறது" என்று கொட்டுமேளம் கொட்டுவது அறிவுடைமை ஆகாது.

இவர்கள் பேச்சைக் கேட்டுத் திடீரென்று நிறுத்துகிறவன் படுகிற பாட்டை இவர்கள் வந்து பார்ப்பதில்லை. பென்ஸோடயஸிபின் வகைத் தூக்க மாத்திரைகளைப் பல மாதம் சாப்பிட்டுவிட்டு ஒரே நாளில் விட்டால் வலிப்பு வரலாம், உயிர்கூடப் போகலாம். லித்தியத்தைப் படாரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த நோய் மூர்க்கமாகத் திரும்பலாம். தடிப்பை மங்கள வாத்தியத்தோடு வரவேற்கிற இந்தக் கட்சிக்காரர்கள், அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வருவார்களா?

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இரண்டு கட்சியும் பரம விரோதிகள். ஒன்று தடிப்பே இல்லை என்கிறது. இன்னொன்று தடிப்பைக் கும்பிடுகிறது. ஆனால், இரண்டுக்கும் ஒரு விஷயத்தில் பூரண ஒற்றுமை உண்டு. இரண்டும் தடிப்பைப் பார்ப்பதில்லை.

பார்க்காததனால் வருகிற ஆபத்து சாமானியமானதல்ல. மருந்தைக் குறைக்கிற காலத்தில், அநேகமாக, ஒன்றைக் குறைத்து இன்னொன்றைச் சேர்ப்பார்கள். அப்போது வருகிற தடிப்பு, போகிற மருந்தினால் அல்ல, வருகிற மருந்தினால் இருக்கலாம். லாமோட்ரிஜின், கார்பமஸபின் என்ற இரண்டும் மனநிலை ஏறி இறங்குகிற நோய்க்குக் கொடுக்கப்படுகின்றன. நல்ல மருந்துகள், பலருக்கு வாழ்வு கொடுத்தவை. ஆனால், அபூர்வமாகச் சிலருக்கு இவை தோலையே உரித்துவிடும். கார்பமஸபினைத் தொடங்குமுன் ஆசிய வம்சத்தாருக்கு ஒரு மரபணுப் பரிசோதனை செய்யும்படி 2007-லேயே அமெரிக்க நிர்வாகம் சொன்னதற்கு இதுதான் காரணம். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கார்பமஸபின் கூட இருந்தால் லாமோட்ரிஜின் உடம்பிலிருந்து சீக்கிரம் கழிந்துவிடும்; வால்ப்ரோயேட் கூட இருந்தால் மெதுவாகக் கழியும். ஆகவே கார்பமஸபினைக் குறைத்துக்கொண்டே போனால், லாமோட்ரிஜின் மாத்திரையை ஒரு குன்றிமணி அளவுகூடக் கூட்டாமலே ரத்தத்தில் அதன் அளவு ஏறும். ஒன்றைக் குறைத்தேனே, எப்படி மருந்து கூடிற்று என்று நோயாளிக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை!

தடிப்போடு காய்ச்சல் வந்தால், வாயிலோ கண்ணிலோ புண் வந்தால், தோல் கொப்புளித்தால், உரிந்தால், முகம் வீங்கினால், மூச்சு முட்டினால் வேப்பிலையும் வேண்டாம், விவாதமும் வேண்டாம். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கையில் மருந்துச் சீட்டு இருக்க வேண்டும்.

*

டாக்டர்களின் கட்சியையும் கேட்க வேண்டும். என் நண்பர்களில் டாக்டர்கள் உண்டு. அவர்கள் சொல்வது இது: "நீ கதை எழுதுகிறாய். வாசலில் எண்பது பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவன் அரிப்பையும் ஆராய்ந்துகொண்டிருந்தால் எண்பதாவது ஆள் ராத்திரி வீட்டுக்குப் போக மாட்டான். தவிரவும், மருந்தை விடுகிறேன் என்ற பயத்திலேயே பாதிப்பேருக்கு எல்லாம் வருகிறது."

எண்பது பேர் நிற்பது நிஜம். அதற்கு அந்த ஒரு டாக்டரைக் குறை சொல்வது அக்கிரமம். ஆனால், "மனசை வேறே எதிலாவது செலுத்து" என்று சொல்வதற்குப் பிடிக்கிற நேரந்தானே "முழங்கைக்கு மேலே சட்டையைத் தூக்கு" என்று சொல்வதற்கும் பிடிக்கும்? ஒரு தடவை பார்க்காமல் அனுப்பியவள் ஐந்து தடவை திரும்பி வருகிறாள். நேரக் கணக்குப் பார்த்தாலும் பார்ப்பதுதான் லாபம்.

பயத்தினால் வருகிறது என்பதிலும் உண்மை உண்டு. 2024-இல் 'லான்செட்' குழுவின் மனநலப் பத்திரிகையில் வெளிவந்த ஆய்வு ஒன்று, முன் நடந்த பல ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டது. மனச்சோர்வு மருந்தை நிறுத்தியவர்களில் 100-க்கு 31 பேருக்கு ஏதோ ஓர் உபத்திரவம் வந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை, மருந்தென்று நம்பிச் சாப்பிட்டு நிறுத்தியவர்களிலும் 17 பேருக்கு வந்தது! இந்தப் 17-ஐப் பிடித்துக்கொண்டு, "பார், எல்லாம் மனசு" என்று குதிக்கிறவர்கள், 31-லிருந்து 17-ஐக் கழித்தால் மிச்சம் 14 என்ற ஒன்றாம் வகுப்புக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். ஆறேழு பேரில் ஒருவருக்கு மருந்தை விட்டதனாலேயே அவஸ்தை வருகிறது என்பது அதே ஆய்வின் முடிவு. உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறவன் அந்த ஆறேழு பேரில் யார் என்பது அவன் முகத்தில் எழுதியிருக்கிறதா? பார்த்தால்தானே தெரியும்?

இது புதிய ஞானமும் அல்ல. இமிப்ரமினை நிறுத்தியவர்களுக்கு உபத்திரவம் வருகிறது என்று 1959-லேயே எழுதினார்கள். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் வந்த புதிய மாத்திரைகளைப் பற்றி 1961-லேயே எழுதினார்கள். 1996-இல் அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரில், ஒரு மருந்துக் கம்பெனியின் செலவில் நிபுணர்கள் கூடினார்கள். கள்ளையும் அபினையும் விட்டவனுக்கு வருவதைக் குறிக்கிற பழைய சொல்லை ஒதுக்கிவிட்டு, 'நிறுத்தத்தின் அறிகுறி' என்ற நாகரிகமான சொல்லை அதன் பிறகு பரப்பினார்கள். சொல் மிருதுவாயிற்று, கேட்பவர்களுக்கு விஷயமும் மிருதுவாகத் தோன்றிற்று. எழுத்தாளனுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். பெயரை மாற்றினால் பாதி வேதனையை மறைத்துவிடலாம், அடுத்தவனுடைய வேதனையாக இருந்தால்.

இந்த வித்தைக்கு மசியாதவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்தில் நியூகாஸில் நகரில் ஹெதர் ஆஷ்டன் என்ற பெண் பேராசிரியர் 1982 முதல் 1994 வரை, தூக்க மாத்திரையை விட முடியாமல் தவித்தவர்களுக்காகவே ஒரு சிகிச்சைக் கூடம் நடத்தினார். தமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியை அந்த நோயாளிகளிடமிருந்துதான் கற்றுக்கொண்டதாக அவர் ஒப்புக்கொண்டார். தோலில் எறும்பு ஊர்கிறது என்று ஒருவர் சொன்னால், எறும்பு இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால், ஊர்கிறது என்ற உணர்ச்சி நிஜம் என்பதும் தெரியும். லண்டனில் மார்க் ஹாரவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019-இல் ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார்கள். மாத்திரையின் அளவைப் பாதியாக்கினால் மூளையில் அதன் வேலை பாதியாவதில்லை, கொஞ்சந்தான் குறைகிறது. கடைசியில் மிஞ்சுகிற அந்தச் சின்னத் துண்டை விடும்போதுதான் தடாலென்று இறங்குகிறது. ஆகவே, கீழே வர வரப் படிகள் சிறிதாக வேண்டும். மாடிப்படியில் கடைசிப் படி மட்டும் ஆளுயரம் இருந்தால் எவனும் கால் இடறுவான்! "பாதி, அப்புறம் நிறுத்து" என்று எழுதப்படுகிற சீட்டுகள் அத்தனையும் அந்த ஆளுயரப் படிகள்தாம்.

இந்த ஹாரவிட்ஸ், மருந்தை விடும்போது தாமே அவதிப்பட்டவர். டாக்டரே நோயாளியான பிறகுதான் படியின் உயரத்தை அளக்கத் தோன்றியது என்பதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. நோயாளி சொன்னபோதே அளந்திருக்கலாமே என்றுதான் சொல்கிறேன்.

*

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். கோட்டையைப் பிடிக்கச் சொல்லவில்லை.

மருந்து எழுதுகிற வைத்தியர், அதை விடும்போது என்னென்ன வரலாம் என்பதை, எழுதுகிற அன்றைக்கே சொல்ல வேண்டும். இது கருணை அல்ல, சட்டம். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, சிகிச்சையையும் அதன் தெரிந்த பக்க விளைவுகளையும் அறிந்துகொள்ளும் உரிமையை நோயாளிக்குக் கொடுத்திருக்கிறது. மருந்தை ஆரம்பிப்பது போலவே விடுவதும் சிகிச்சைதானே?

நோயாளி, தாமாக நிறுத்தக் கூடாது; தாமாகக் கூட்டவும் கூடாது. எல்லா மாத்திரையையும் கத்தியால் நறுக்கிவிடவும் கூடாது. மெல்லக் கரைகிற மாதிரி செய்யப்பட்டவற்றை நறுக்கினால் மருந்து மொத்தமாக இறங்கிவிடும். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். எந்தத் தேதியில் எவ்வளவு குறைந்தது, எந்தத் தேதியில் எங்கே தடித்தது, எத்தனை மணி நேரம் இருந்தது, மாத்திரையின் கம்பெனி மாறியதா, சோப்பு மாறியதா, வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா என்பதையெல்லாம் எழுத வேண்டும். சித்திரை வெயிலில் வருகிற வேர்க்குரு அந்தப் புத்தகத்தில் வேர்க்குருவாகத் தெரியும். காணாக்கடி காணாக்கடியாகத் தெரியும். வாயால் சொன்னால் 'மனசு' என்கிறவர்கள், தேதி போட்டு எழுதியதைக் கண்டால் கொஞ்சம் தயங்குவார்கள். இந்த நாட்டில் எழுத்துக்கு இன்னும் அந்த மரியாதை இருக்கிறது.

மருந்தினால் வருகிற உபத்திரவங்களைப் பதிவு செய்வதற்கென்றே 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் காஜியாபாத்திலிருந்து நடக்கிறது. டாக்டர்தான் எழுத வேண்டும் என்பதில்லை, நோயாளியே எழுதலாம். தமிழிலேயே படிவம் உண்டு. 1800-180-3024 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். செட்டிரிஸின் விஷயம் வெளியே வந்தது எப்படி? பெயர் தெரியாத பலர், தங்களுக்கு வந்ததைத் தனித்தனியாக எழுதிப் போட்டார்கள். அவற்றை ஒருவர் சேர்த்து வைத்துப் படித்தார். அவ்வளவுதான். நம்மூர் ஆசிரியைகளும் தபால்காரர்களும் எழுதாமல் இருக்கிற வரைக்கும் நம்மூர்த் தோலைப் பற்றி யாரும் படிக்கப்போவதில்லை.

நம் கதைகளிலும் சினிமாக்களிலும் பைத்தியம் பிடிக்கிறது. தலையில் அடிபட்டுத் தெளிகிறது. கடைசிக் காட்சியில் கல்யாணம் நடக்கிறது. நாலு வருஷம் தினம் ஒரு மாத்திரை விழுங்கி, அப்புறம் அதில் கால், அரைக்கால் என்று பயந்து பயந்து குறைத்து, ஒவ்வொரு ராத்திரியும் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அந்தக் கதைகளில் இடமில்லை. ஆனால், அவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பலருடைய வீட்டில் அக்காளாக, மைத்துனனாக, மருமகளாக இருக்கிறார்கள். நம் வீட்டில் அப்படி யாருமில்லை என்று சொல்லிக்கொள்கிற குடும்பங்களில் இன்னும் நிச்சயமாக இருக்கிறார்கள். அங்கே மாத்திரை அரிசிப் பானைக்குள் ஒளிந்திருக்கிறது.

அவர்களில் ஒருவர் என்றைக்காவது ராத்திரி உங்களை எழுப்பி, கையை நீட்டி, "இதைக் கொஞ்சம் பாரேன்" என்றால், அது மருந்தை விட்டதனால் வந்ததா, பூச்சி கடித்ததா, வேறெதுவுமா என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரிந்த மாதிரி பேசாமல் இருந்தால் போதும். "எல்லாம் உன் மனசு" என்று சொல்லாதீர்கள். "விஷம் போகிறது" என்றும் சொல்லாதீர்கள். எழுந்திருங்கள். விளக்கைப் போடுங்கள். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.